அவருதான் வம்சம்

முகுந்தனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'அவருதான் என்பது ஒரு பெயரே இல்லை' என்று யாராவது எழுதி, கீழே ஒரு முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்காக அலையப் போய், மனிதர் ஒரு பழம்பெரும் வம்சத்துக்குத் தலைவராகிவிட்டார்.

இந்த நாட்டில் தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டையில் அவன் பெயர் இருக்கும், அடுத்து 'மகன்' என்பதற்கு மலாயில் இரண்டு எழுத்து, அதற்கடுத்து அப்பன் பெயர். முகுந்தனின் அட்டையில் அப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அவருதான்' என்று இருக்கிறது. அறுபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் கெமாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் பிறந்தபோது, அம்மா தாயம்மா பச்சைப் பிள்ளையோடு பதிவு மேசைக்குப் போனார். அப்பா ஆறுமுகமும் கூடவே போனவர்தான். ஆனால் சீருடையைக் கண்டாலே அவருக்குக் கால் பின்னும். சைக்கிளைத் திருடிவிடுவார்கள் என்று ஒரு சாக்குச் சொல்லி, வெளியே மரத்தடியில் நின்றுவிட்டார்.

மேசையில் இருந்த மலாய்க்காரர் "நாமா பாபா?" என்று அப்பன் பெயரைக் கேட்டார். தாயம்மாவுக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. பதிலைத்தான் சொல்ல முடியாது. கட்டின புருஷன் பேரை வாயால் சொல்வதா? ஜன்னல் வழியாக மரத்தடியைக் கையால் காட்டி, "அவருதான்" என்றார். அந்த நல்ல மனிதர் பொறுமையாக இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுத்துக்கூட்டி, அழகான கையெழுத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தாயம்மா சாதாரணப் பதிவிரதை இல்லை. புருஷன் பேரில் 'ஆறு' வருகிறது என்பதற்காக அந்த எண்ணையே வாழ்க்கையிலிருந்து தள்ளி வைத்தவர். எண்ணும்போது அஞ்சு, அதுக்கு அடுத்தது, ஏழு என்றுதான் போவார். பசாருக்குப் போனால் முட்டை அஞ்சு வாங்குவார், இல்லாவிட்டால் ஏழு வாங்குவார். காப்பி சூடு ஆறிப்போனால்கூட "பச்சைத்தண்ணியாப் போச்சு" என்பாரே தவிர வேறு சொல்லமாட்டார். ஆறுமுகம் போய்ச் சேர்ந்து இருபத்தோரு வருடம் ஆகியும் இந்தக் கணக்கில் மாற்றம் இல்லை.

இத்தனை நாளும் இந்தப் பெயரால் பெரிய சேதம் ஏதும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில், "முகுந்தன் யாரு?" என்று வாத்தியார் கேட்டால் மொத்த வகுப்பும் "அவருதான் சார்" என்று கத்தும். கிளினிக்கில் தாதி "அவருதான்! அவருதான்!" என்று கூப்பிட்டால் தமிழர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் காட்டிக்கொள்வார்கள். இவ்வளவுதான். ஆனால் இப்போது வீடு குறுக்கே வந்தது.

பழைய தோட்டத்தை அழித்து வீடமைப்புப் பகுதியாக்கிய நிறுவனம், பல வருட இழுபறிக்குப் பிறகு, அங்கே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தரைவீடு தருவதாக ஒப்புக்கொண்டது. பட்டியலில் ஆறுமுகம் பெயர் இருந்தது. முகுந்தன் இப்போது இருப்பது மம்பாவில், மின்தூக்கி இல்லாத அடுக்குவீட்டின் நான்காவது மாடியில். முட்டி தேய்ந்துபோன தாயம்மா கீழே இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. மண்ணை மேலேயிருந்து பார்ப்பதோடு சரி. மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முகுந்தனும் பக்கத்து வீட்டு ஷங்கரும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். வழியெல்லாம் கிழவி இருவரையும் திட்டிக்கொண்டே வருவார். வாசலைத் திறந்தால் தரை இருக்கிற ஒரு வீடு அம்மாவுக்குக் கிடைத்துவிட வேண்டும், முகுந்தனுக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டுப் பகிர்வு அலுவலகத்தில் இருந்த ரொஸ்லினா என்ற மலாய் அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். அன்பான பெண்மணி, மலாயில் நிதானமாகத்தான் சொன்னார். "என்சிக் முகுந்தன், பட்டியலில் இருப்பவர் ஆறுமுகம். உங்கள் அப்பா அவருதான். எனக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்."

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தான், புவான். மலாய்ல 'டியாலா'ன்னு ஆளைக் காட்டிச் சொல்வீங்கள்ல, அவருதான்னா தமிழ்ல அது மாதிரி."

"நீங்கள் சொன்னால் போதாது. உங்கள் அப்பா அம்மா கல்யாணமும் கோயிலோடு சரி, பதிவாகவில்லை. அம்மா என் முன்னால் தன் வாயால் பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன். இல்லையென்றால், பதிவுபெற்ற தமிழ் அமைப்பு ஏதாவது இது பெயர் இல்லை என்று கடிதம் கொடுக்கட்டும். ஒரு வரி போதும்."

முதல் வழி அன்று சாயங்காலமே அடைபட்டது. "பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்டா" என்றார் தாயம்மா.

"இனிமே என்னம்மா கொறையறதுக்கு இருக்கு?"

"ஒனக்கு எல்லாம் எகத்தாளம். ஓம் பொண்டாட்டி நாலு மாடிக்குக் கேக்குற மாதிரி முகுந்தா முகுந்தான்னு கத்துறா, அதான் ஒனக்கு சீனி ஏறிப்போச்சு."

உள்ளே இருந்து மனைவி தனலெட்சுமி, "சீனி கோப்பிக் கடையில ஏறுனது அத்தே" என்றார். பேச்சு அதோடு நின்றது.

இப்படித்தான் முகுந்தன் சிரம்பானில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்த உலகத் தமிழ்க் குடும்பப்பெயர் ஆராய்ச்சிப் பேரவைக்குப் போய்ச் சேர்ந்தார். பேரவையில் பதினொரு உறுப்பினர்கள். அதில் ஒருவருடைய மகன் மெல்பர்னில் இருப்பதால் 'உலக' என்று சேர்த்திருந்தார்கள். தலைவர், 'டத்தோ' பட்டம் வாங்கிய யோகேந்திரன். அவர் மேசைமேல் தலையணைப் பருமனில் ஒரு புத்தகம் இருந்தது: 'தமிழர் குடும்பப்பெயர்க் களஞ்சியம், தொகுதி ஒன்று'. முகுந்தன் மரியாதைக்குப் புரட்டினார். டத்தோவின் முன்னுரை, டத்தோவுக்குப் பாராட்டுரை, பாராட்டுரைக்கு டத்தோவின் நன்றியுரை என்று முந்நூற்று எண்பது பக்கம் போனது. அதற்குப் பிறகு வெறும் தாள்.

"அது பேருங்க வரவேண்டிய எடம்" என்றார் டத்தோ. "பதினாலு வருஷமாத் தேடுறோம். எவனைப் புடிச்சாலும் அப்பன் பேரைத்தான் சொல்றான். நம்ம சமுதாயத்துல ஒத்துழைப்பு இல்லை."

முகுந்தன் அடையாள அட்டையை நீட்டி, மரத்தடிக் கதையை முழுசாகச் சொன்னார். டத்தோ கதையைக் கேட்டமாதிரி தெரியவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"அவருதான்! ஐயா, இந்தப் பேரு வேற யாருக்காவது இருக்கா?"

"எப்படி டத்தோ இருக்கும்? அது பேரே இல்ல லா. எங்கம்மா கையைக் காட்டிச் சொன்னது."

"அபூர்வம்" என்றார் டத்தோ. அவர் கண் கலங்கியிருந்தது. உடனே பக்கத்து அறைப் பக்கம் திரும்பி, "சசி! கிடைச்சிருச்சு!" என்று கூவினார்.

முனைவர் சசிதரன் பேரவையின் ஆய்வுத் தலைவர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் கால் மணி நேரத்தில் ஆயிரம் வருடம் பின்னால் கொண்டுபோய் விடக்கூடியவர். அன்று பத்து நிமிடம்தான் எடுத்துக்கொண்டார். 'அவருதான்' என்பது 'அவனிவருதன்' என்பதன் மரூஉவாம். அவனி என்றால் உலகம், வருதன் என்றால் வந்தவன். கடல்கடந்து வந்த சோழப் படையில் இந்தப் பெயரில் ஒரு தளபதி இருந்திருக்க வேண்டும்.

"இருந்தாரா சார்?" என்று கேட்டார் முகுந்தன்.

"இல்லைன்னு எந்தக் கல்வெட்டும் சொல்லலையே!"

முகுந்தன் விடவில்லை. பெயர் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்றார். டத்தோ பேரவையின் விதிமுறையை எடுத்து நான்காவது விதியைக் காட்டினார். பேரவைக்குப் பெயர்களை ஏற்க மட்டுமே அதிகாரம் உண்டு, மறுக்க அதிகாரம் இல்லை. "ஆனா கவலைப்படாதீங்க. ஒங்க பேரைப் பத்தி அதிகாரபூர்வமா ஒரு கடிதம் தருவோம். ஆராய்ச்சி முடியணும், அவ்வளவுதான்." கடிதம் என்ற சொல்லைக் கேட்டதும் முகுந்தன் தலையாட்டிவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

ஆராய்ச்சி மூன்று மாதம் நடந்தது. முதலில் பரவல் ஆய்வு. உலகம் முழுக்கத் தேடியதில் இந்தப் பெயர் எண்ணூறு கோடிப் பேரில் ஒருவருக்கு மட்டுமே இருப்பது உறுதியானது. சுவர் அகல உலகப் படம் ஒன்றில் மம்பாவில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். மாநிலவாரியாகப் பார்த்தால் நெகிரி செம்பிலானில் நூறு விழுக்காடு. முகுந்தனின் பிள்ளைகளுக்கு அப்பன் பெயராக முகுந்தன் என்றே வந்துவிட்டதால், இவரோடு இந்தப் பெயர் பூண்டற்றுப் போகும் என்று சசிதரன் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, சீனி எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார். அழிவின் விளிம்பில் இருக்கிற பெயருக்குக் கரிபாப் பலகாரம் சாப்பிட உரிமை இல்லை என்று கண்டித்தார்.

பொய் சொல்லக் கூடாது, முகுந்தனுக்கும் இது கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். போலீஸ்காரனைத் தவிர வேறு யாரும் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. இப்போது பேரவையில் அவருக்கென்று தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காரும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

அடுத்தது கள ஆய்வு. சசிதரன் நான்கு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி முடித்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தாயம்மா முன்னால் வைத்தார்.

"அம்மா, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னான்னு சொல்லுங்க."

தாயம்மா மகனைப் பார்த்தார். வீட்டு விஷயம் என்பதால் தன்னால் முடிந்த அளவுக்கு இறங்கி வந்தார். "அஞ்சுக்கு அடுத்த நம்பரு இருக்குல்ல? அத்தனை மூஞ்சி."

"அஞ்சுக்கு அப்பால்!" சசிதரன் வேகமாக எழுதினார். "ஐம்புலன்களைக் கடந்தவர். சித்தர் மரபு. சொல்லுங்கம்மா, சொல்லுங்க."

"என்னா லா இந்த ஆளு? பத்துமலையில நிக்கிறாருல்ல, வேலோட, அவரோட இன்னொரு பேருய்யா!"

"வேலோட! நான் சொல்லல? போர்க்குடி!"

முகுந்தனால் பொறுக்க முடியவில்லை. "சார், ஆறுமுகம்னு சொல்றாங்க சார்."

சசிதரன் பதிவை நிறுத்தினார். அவர் முகம் வாடிவிட்டது. "சாட்சிக்கு நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது ஐயா. ஆய்வு கெட்டுப்போகும்" என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். போகும்போது தாயம்மாவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க ஷங்கரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

விழா நீலாயில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. 'அவருதான் குல வெளிப்பாட்டுப் பெருவிழா' என்று பதாகை. வீட்டுப் பட்டியல் திங்கள் காலையில் மூடப்படுகிறது. முகுந்தன் பதறியடித்து ரொஸ்லினாவிடம் ஓடினார். "எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கோப்பைக் கையோடு கொண்டுவருகிறேன், கடிதத்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்" என்றார் அவர். முகுந்தன் மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிறன்று தாயம்மாவை நாற்காலியோடு இறக்கி, வேனில் ஏற்றி, மேடைவரை கொண்டுபோனார்கள். முகுந்தன் தலையில் ஜரிகைத் தலைப்பாகை வைத்தார்கள். குலச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. புலி ஒன்று ரப்பர் மரத்தைத் தழுவிக்கொண்டிருந்தது. புலிக்கு ஏன் ரப்பர் மரம் என்று யாரும் கேட்கவில்லை. தாயம்மா தலையில் இரண்டு பேர் கூடையிலிருந்து பூத் தூவினார்கள். ஆசியுரைக்காக ஒலிவாங்கியை அவர் கையில் திணித்துவிட்டு, அதற்கு முன்னால் டத்தோ பேசத் தொடங்கினார்.

"பேரவை தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள்! இந்தப் பதினான்கு ஆண்டுகளில் எத்தனை பெயரைக் கண்டுபிடித்தீர்கள் என்று எதிரிகள் கேட்கிறார்கள். தலைநிமிர்ந்து சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை! அவசரப்பட்டுக் கண்டுபிடிக்கும் அமைப்பல்ல இது! இருப்பதைக் கண்டுபிடிக்க எவனாலும் முடியும். ஆராய்ச்சி எதற்கு? இல்லாததைக் கண்டுபிடிப்பதற்கு! ஐயா முகுந்தன் முதன்முதலில் வந்தபோது தம் பெயரையே பெயரில்லை என்று சொன்னார். நாங்கள் அவர் சொன்னதைக் கேட்டோமா? கேட்கவில்லை! கேட்டிருந்தால் இன்று இந்த விழா உண்டா?"

மண்டபம் அதிரக் கைதட்டியது. முகுந்தனும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

பிறகு டத்தோ தங்கச் சட்டமிட்ட கடிதத்தை எடுத்து வாசித்தார். "அவருதான் என்பது தொன்மை வாய்ந்த தனிக் குடும்பப் பெயர் என்றும், ஆறுமுகம் முதலான எந்தச் சாதாரணப் பெயரோடும், அப்பெயர் கொண்ட எந்த நபரோடும் இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை, இருந்ததில்லை, இருக்கவும் முடியாது என்றும் பேரவை இதனால் உறுதி கூறுகிறது." அரசாங்கத்துக்கு வசதியாக மலாய் மொழிபெயர்ப்பும் இணைத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டே அதை ரொஸ்லினாவிடம் ஒப்படைத்தார்கள்.

ரொஸ்லினா படித்தார். மறுபடி படித்தார். பிறகு மேடையில் தாயம்மாவின் நாற்காலிப் பக்கமாக நின்ற முகுந்தனிடம் வந்து, காதோடு சொன்னார்: "என்சிக், என்ன இது? இதைக் கோப்பில் வைத்தால் வீடு போச்சு. எல்லார் முன்னாலும் கொடுத்துவிட்டார்கள், வைக்காமலும் இருக்க முடியாது."

முகுந்தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அழுகை வந்துவிடும் போலிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தனி நாற்காலிக்கு ஆசைப்பட்டுத் தரைவீட்டை விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"என்னாடா சொல்லுது அந்தப் புள்ள?" என்றார் தாயம்மா.

"அப்பாவுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டானுங்கம்மா. வீடு இல்லை. வா, நாலாவது மாடிக்கே போயிருவோம்."

தாயம்மா அந்தச் சட்டத்தைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் நிறைய நேரம் பார்த்தார். "சம்பந்தம் இல்லையாமா?" என்றார். குரலில் கோபம் இருந்தது.

ரொஸ்லினா அவர் முன்னால் குனிந்து, கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டார். "மக்சிக், நாமா சுவாமி?" என்று தணிந்த குரலில் கேட்டார். புருஷன் பெயர் என்ன என்ற அந்தக் கேள்வி தாயம்மாவுக்கும் முகுந்தனுக்கும் மட்டும்தான் கேட்டது.

தாயம்மா முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். உதடு இரண்டு தடவை அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

"ஆறுமுகம்."

முந்தானையை இழுத்த கையோடு ஒலிவாங்கியும் வாய்க்கு நேரே வந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் பெயர் முழங்கியது. அந்தச் சத்தம் அவருக்கே தைரியம் கொடுத்ததோ என்னவோ, கண்ணைத் திறக்காமல் இன்னும் உரக்க, "ஆறுமுகம்! ஆறுமுகம்!" என்றார்.

அடுத்த நொடி முந்நூறு பேரும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். டத்தோ செருப்பைக் கழற்றினார். ஆசியுரையைக் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிற மரபு இன்னும் நம்மிடையே சாகவில்லை என்று சசிதரன் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ "அரோகரா!" என்று குரல் கொடுக்க, மண்டபம் முழுக்க அரோகரா பற்றிக்கொண்டது.

ரொஸ்லினாவுக்கு அது சாமி பெயர் என்று தெரியாது. பெயர் என்று மட்டும் தெரிந்தது. எழுதிக்கொண்டார். மைப்பெட்டியை எடுத்து, தாயம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து அதன் கீழே பதித்துக்கொண்டார். தங்கச் சட்டத்திலிருந்து கடிதத்தை உருவி, கோப்பின் கடைசித் தாளாக வைத்து மூடினார். "தாய் வாயால் சொன்னது முதலில். மற்றதெல்லாம் பின்னிணைப்பு" என்றார் முகுந்தனிடம்.

அரோகரா ஓயவில்லை. முகுந்தன் அம்மாவின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, மைபட்ட அந்த விரலைத் தலைப்பாகை ஜரிகையால் துடைத்தார். தாயம்மா அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்து, மண்டபத்தின் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இத்தனை சத்தமாக் கூப்பிட்டேன்" என்றார் மகனிடம். "வந்தாரா பாரு மனுஷன்."